தேவதாரமும் அகக்காழும்: வெளியிடத்து மரப்பொருள்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

வீட்டினுள் இடப்பெறும் மரப்பொருளுக்கும் வெயிலும் மழையும் படும் வெளியிடத்தே இடப்பெறும் மரப்பொருளுக்கும் வேண்டப்படும் இயல்புகள் ஒன்றல்ல. உள்ளறைக் கட்டில் எம்மரத்தால் ஆயினும் ஒரு தலைமுறை நிற்றல் கூடும். முற்றத்து இருக்கையும் தோட்டத்துப் பலகையும் அவ்வாறு நிற்பன அல்ல. வெயில், மழை, காளான், கறையான் என்னும் நான்கு பகையையும் அவை நாள்தோறும் தாங்குதல் வேண்டும். ஆகவே வெளியிடத்துக்கு எம்மரம் ஏற்றது என்னும் வினா மக்கள் வாழ்க்கையில் பழமையானதும் இன்றியமையாததும் ஆகும்.

இவ்வினாவுக்கு மேலைநாட்டார் பெரிதும் கூறும் விடை 'சீடர்' என்பது. அம்மரத்தாலாய இருக்கைகள் இலேசானவை, மணமுள்ளவை, பூச்சி அணுகாதவை, மழையில் கெடாதவை என்பர். அக்கருத்து இந்நாளில் நம் நாட்டு மர வணிகரிடையேயும் பரவியுள்ளது. சீடருக்குத் தமிழ்ப்பெயர் யாது எனின், 'தேவதாரு' என்பர் பலர். தருமபுரி மாவட்டத்துக் குன்றுப்புறக் காடுகளில் தேவதாரம் என்றே வழங்கும் மரம் ஒன்று உளது. அதனைக் காண்பார், சீடர் நம் மாவட்டத்திலேயே விளைகின்றது எனக் கருதிவிடுதல் எளிது. அக்கருத்து பிழையானது. பெயர் ஒன்றாயினும் மரம் வேறு, குடும்பம் வேறு, பருமனும் பயனும் வேறு.

இப்பெயர் மயக்கத்தை விலக்குதலும், சீடருக்குக் கூறப்படும் நன்மைகள் உண்மையில் எதனால் விளைவன என ஆராய்தலும், அவ்வாராய்ச்சிக்குத் தொல்காப்பிய மரபியல் தரும் ஒளியைச் சுட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும். மரத்தின் பெயர் அதன் உறுதிக்குச் சான்றாகாது. காழே சான்றாவது என்பது ஈண்டு நிறுவப்படும்.

1. சீடர் என்னும் பெயர்

கிரேக்க மொழியில் 'கெத்ரோசு' என்னும் சொல் தொடக்கத்திலேயே ஒரு மரத்துக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை. லெபனான் மலையில் வளரும் பெருமரத்தையும், அதனின் வேறான சூனிப்பர் இனத்தையும் அச்சொல் குறித்தது. இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளிற் புகுந்தபின் அதன் பொருட்பரப்பு மேலும் விரிந்தது. ஐரோப்பியர் கடல் கடந்து சென்ற நாடுகளில், செந்நிறமும் நறுமணமும் உடைய மரம் எதனைக் கண்டாலும் அதற்கு இப்பெயரையே இட்டனர்.

செடிநூலார் கருத்துப்படி உண்மைச் சீடர் என்பது 'சீட்ரசு' என்னும் இனத்தைச் சார்ந்த ஊசியிலை மரங்களே. லெபனான் சீடரும், நம் நாட்டு இமயச் சாரலில் வளரும் தேவதாருவும் இவ்வினத்தைச் சார்ந்தன. இமயத் தேவதாரு ஏறத்தாழ 1,500 முதல் 3,200 மீட்டர் வரை உயரமுள்ள மேற்கு இமயப் பகுதிகளில் இயல்பாக வளர்வது. தோட்ட இருக்கைகளுக்கு இன்று பெரும்பாலும் பயன்படுவதாகிய மேலைச் செஞ்சீடரோ இவ்வினத்தைச் சார்ந்ததன்று. வட அமெரிக்காவின் மேலைக் கடற்கரையில் வளரும் அம்மரம் 'தூயா' என்னும் இனத்தது. சைப்பிரசு குடும்பத்தைச் சார்ந்தது. எழுதுகோல் செய்யப் பயன்பட்ட கீழைச் செஞ்சீடர் சூனிப்பர் இனத்தது. ஆத்திரேலியர் செஞ்சீடர் என்பது நாம் சந்தனவேம்பு என்னும் மரமாகும். அவர் வெண்சீடர் என்பது மலைவேம்பின் இனம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளகிலையும் மர வணிகர் வெண்சீடர் என்றனர். இறுதியிற் கூறிய மூன்றும் வேம்பின் குடும்பத்தன. ஊசியிலை மரங்களோடு உறவில்லாதன.

தமிழிலும் இப்பெயர் ஒரு வழிப்பட்டதன்று. தமிழ் விவிலியத்தில் லெபனானின் சீடர் 'கேதுரு' எனப் பெயர் பெற்றது. அந்நூலின் ஏசாயா ஆகமம் 41ஆம் அதிகாரத்தில் கேதுருவும் தேவதாருவும் ஒருங்கே, வேறு வேறு மரங்களாக எண்ணப்படுகின்றன. எனவே விவிலியத்தை மொழிபெயர்த்தோர் சீடருக்குத் தேவதாரு என்னும் பெயரைக் கொள்ளாது, அதனைப் பிறிதொரு மரத்துக்கு ஆக்கினர் என்பது தெளிவு. சீடர் எனின் தேவதாரு எனக் கொள்வோர், தமிழிலேயே வேறு வழக்கும் உண்மையை நினைதல் வேண்டும்.

2. தருமபுரிக் காட்டுத் தேவதாரம்

தேவதாரு என்பது வடசொல். 'தாரு' என்பதற்கு மரம் அல்லது கட்டை என்பது பொருள். தேவர்க்குரிய மரம் என்பது சொற்பொருள். இமயத்து மரத்துக்கு வழங்கிய இப்பெயர் தெற்கே வந்தபோது, இங்கு விளையாத அம்மரத்தை விடுத்து, இங்கு விளையும் மணமரம் ஒன்றன்மேல் ஏறி நின்றது. அம்மரமே தேவதாரம், செம்புளிச்சான், செம்மணத்தி என்னும் பெயர்களால் தமிழ்நாட்டு வறண்ட காடுகளில் அறியப்படுவது.

இதனை மேலைச் செடிநூலுக்கு அறிமுகம் செய்தவர் வில்லியம் ராக்சுபர்க்கு. சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூலின் முதற்றொகுதியில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், இதனை 'எரித்திராக்சிலம் மோனோகைனம்' எனப் பெயரிட்டு விளக்கினார். முற்சொல்லுக்குக் கிரேக்கத்தில் செம்மரம் என்பது பொருள். தென் அமெரிக்காவின் கோக்கா இலைச் செடியும் இவ்வினத்தது என்பது நினையத்தக்கது. ஆகவே நம் தேவதாரம் பூக்குந் தாவரம். இலையும் மலரும் செந்நிறச் சிறு கனியும் உடையது. இமயத் தேவதாரு ஊசியிலையும் கூம்புக் காயும் உடையது. இவ்விரண்டனுக்கும் உள்ள வேற்றுமை, பனைக்கும் வேம்புக்கும் உள்ள வேற்றுமையினும் பெரிது.

தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டது; 2004இல் அதனின்று கிருட்டிணகிரி மாவட்டம் பிரிந்தது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் வட்டங்களின் காடுகள் பெரும்பாலும் வறண்ட இலையுதிர் காடுகளும் முட்புதர்க் காடுகளுமாம். பாறையிடுக்கிலும் வறள்நிலத்திலும் வளரும் தேவதாரம் இந்நிலத்துக்கு ஏற்றது. அது சிறுமரமாகவே நிற்பது. பல இடங்களிற் புதராகவும் அமையும். அதன் காழ் கருஞ்செம்மை நிறமும் இனிய பிசின்மணமும் உடையது, கனமானது, இழைத்து மெருகிட்டால் அழகுறுவது. சந்தனத்துக்கு மாற்றாகவும் இது கொள்ளப்பட்டது. இலங்கையில் இதன் கட்டையை வாட்டி வடித்த தார் போன்ற எண்ணெயைப் பிற மரங்களுக்குக் காப்பாகப் பூசினர் எனப் பழைய பொருட்செடி நூல்கள் கூறும். 1960களில் வேதியியலார் இக்கட்டையினின்று பிரித்தெடுத்த பொருள்களுள் ஒன்றுக்குத் 'தேவதரூல்' எனப் பெயரிட்டனர். நாட்டுவழக்குப் பெயரொன்று வேதியியற் பெயராயிற்று.

இம்மரத்தைப் பற்றிய செய்திகளுள் மறத்தற்கரியது பிறிதொன்று. தாதுவருடப் பஞ்சம் எனப்படும் 1876-78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில், சென்னை மாகாணத்து ஏழை மக்கள் இதன் இலையைத் தின்று உயிர் காத்தனர். அந்நாளில் தருமபுரியை உள்ளடக்கிய சேலம் மாவட்டம் அப்பஞ்சத்தால் பெரிதும் நலிந்தது.

இத்தகைய உறுதியும் மணமும் உடையதாயினும் இம்மரம் இருக்கைப் பலகைக்கு ஏற்றதன்று. அகன்ற பலகை அறுக்கத்தக்க பருமன் இதற்கு இல்லை. கோல், தறி, கைப்பிடி முதலிய சிறு பொருள்களுக்கே இது பயன்படும். எனவே 'தருமபுரித் தேவதாரம்' என்னும் பெயரால் சீடர் இருக்கைகளை எதிர்நோக்குவார் ஏமாறுவர்.

3. காழும் வெளிறும்

மரத்தின் உறுதி எங்கு உளது என்னும் வினாவைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே எழுப்பினர். தொல்காப்பிய மரபியல் நிலைத்திணையை இரண்டாகப் பகுக்கின்றது. புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் அது பெயரிட்டு, ஒவ்வொன்றற்கும் உரிய உறுப்புப் பெயர்களையும் தனித்தனியே தொகுத்துரைக்கின்றது. அகக்காழ், புறக்காழ் என்னும் ஆட்சிகள் இப்பகுப்பினின்று எழுந்தன.

இப்பகுப்பு நூற்செய்தியாக மட்டும் நின்றதன்று; தச்சர் தொழிலிலும் இன்றளவும் காணப்படுவது. பனைமரத்தை அறுக்கும் தச்சர், முதிர்ந்த பனையின் புறத்தே உள்ள கரிய பகுதியைக் கைமரத்துக்குக் கொண்டு, உள்ளே உள்ள சோற்றை நீக்குவர். வேம்பையோ தேக்கையோ அறுப்பவர், புறத்தே உள்ள வெள்ளையை நீக்கி உள்ளே உள்ள வைரத்தைக் கொள்வர். தொல்காப்பியர் கூறிய இரு வகையும் ஒரே பட்டறையில் இவ்வாறு கண்முன் நிற்கின்றன.

காழ் என்னும் சொல்லுக்கு மரவயிரம், விதை, தறி முதலிய பொருள்கள் உள. வயிரமும் நிலத்தில் நடும் தறியும் ஒரு சொல்லாற் குறிக்கப்பெறுதல் கருதத்தக்கது. நிலத்தில் நடுதற்கு உரியது வயிரமே என்னும் பட்டறிவு இச்சொல்லாட்சிக்குக் காரணமாய் இருத்தல் கூடும். காழின்மையைக் குறிக்கும் சொல் வெளிறு. வயிரமின்மை, வெண்மை, அறியாமை என இது விரியும். திருக்குறளின் தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் இச்சொல் அறியாமைப் பொருளில் ஆளப்பட்டுள்ளது. உள்ளீடற்ற மரமும் அறிவற்ற மாந்தரும் ஒரு சொல்லால் உணர்த்தப்பட்டனர் என்க.

இனி, இக்காலத்து அறிவியல் இதுபற்றிக் கூறுவது யாது? உயிருள்ள மரத்தின் புறப்பகுதியே நீரை மேலேற்றுவது. அப்பகுதியின் உயிரணுக்களில் மாச்சத்து சேமிக்கப்பட்டிருக்கும். மரம் பருக்குந்தோறும் உட்பகுதியின் அணுக்கள் இறக்கின்றன. இறக்குமுன் அவை தம்மிடமுள்ள சேமிப்பைத் துவர்ப்பொருளாகவும் எண்ணெயாகவும் பிசினாகவும் மாற்றி அணுச்சுவர்களிற் படியவிடுகின்றன. நீர்க்குழாய்கள் அடைபடுகின்றன, நிறம் கருகுகின்றது. இதுவே காழ். புறத்தேயுள்ள வெளிற்றில் மாச்சத்து எஞ்சியிருத்தலின் அது துளைப்பூச்சிக்கு உணவாகின்றது. காழில் உணவின்மையோடு நஞ்சும் உண்மையின் பூச்சியும் காளானும் அதனை எளிதில் அணுகா.

ஈண்டு ஒரு நுட்பம் உளது. புறக்காழின் வன்மை தாங்கும் வலிமையே அன்றிக் கெடாத்தன்மை ஆகாது. ஒகேனக்கல் பரிசலின் கூட்டுக்கு மூங்கிற் பிளாச்சு வளைந்து கொடுக்கின்றது, சுமை தாங்குகின்றது. ஆயின் மூங்கிலில் மாச்சத்து மிகுதி. துளைப்பூச்சி விரைவில் விழும். அதனாலேயே வெட்டிய மூங்கிலை நீரில் ஊறவிட்டுச் சத்தை வெளியேற்றும் வழக்கம் எழுந்தது. அகக்காழின் வன்மையோ பெரும்பாலும் வலிமையும் காப்பும் ஒருங்கு சேர்ந்தது. ஆகவே வெளியிடத்துப் பொருளுக்கு அகக்காழுடைய மரங்களையே முதலில் ஆராய்தல் தகும்.

4. சீடரின் நன்மைகளும் அவற்றின் காரணமும்

இவ்வளவையைக் கொண்டு சீடருக்குக் கூறப்படும் நன்மைகளைத் தனித்தனியே நோக்குவோம்.

முதலாவது, கெடாமை. மேலைச் செஞ்சீடரின் காழில் 'தூயாப்ளிசின்' என்னும் பொருள்கள் உள. அவை காளானை வளரவொட்டாமல் தடுப்பன. இமயத் தேவதாருவின் காழில் நறுமண எண்ணெய் செறிந்துள்ளது. காசுமீரத்தில் சீலம் ஆற்றுப் பாலங்களுக்கும், வட இந்திய இருப்புப்பாதைகளின் குறுக்குக்கட்டைகளுக்கும் தேவதாரு பயன்பட்டமை இக்காழின் உறுதியாலேயாம்.

இரண்டாவது, சுருங்காமையும் முறுகாமையும். மரம் நீரை ஏற்கும்போது பருக்கும், உலரும்போது சுருங்கும். இம்மாற்றம் மிகுந்த மரம் வெயிலில் வெடிக்கும், பலகை முறுகும், இணைப்புகள் தளரும். மேலைச் செஞ்சீடர் ஊசியிலை மரங்களுள் மிகக் குறைந்த சுருக்கமுடையனவற்றுள் ஒன்று. மழையும் வெயிலும் மாறி மாறி வரும் இடத்தில் இவ்வியல்பு கெடாமைக்கு நிகரான சிறப்புடையது.

மூன்றாவது, இலேசான எடை. உலர்ந்த மேலைச் செஞ்சீடர் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 370 கிலோகிராம் எடையுடையது. தேக்கு ஏறத்தாழ 650 கிலோகிராம். இமயத் தேவதாரு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எடை குறைந்த இருக்கையை வெயிலுக்கும் நிழலுக்கும் எளிதில் மாற்றலாம். காற்றறைகள் மிகுந்த மரம் வெப்பத்தை விரைவில் கடத்தாதாகலின், வெயிலிற் கிடந்த பலகை உட்காருவாரை அத்துணைச் சுடுவதும் இல்லை.

இந்நன்மைகளோடு குறைகளும் உள. மெல்லிய மரமாதலின் எளிதில் கீறலும் பள்ளமும் விழும். காழிலுள்ள காப்புப்பொருள்கள் மழைநீரில் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர் மரத்தின் 'லிக்னின்' என்னும் பிணைப்புப் பொருளைச் சிதைப்பதால் மேற்புறம் வெள்ளியெனச் சாம்பல் நிறமடையும். இது மேலீடான மாற்றமே. மரத்தின் உள்ளுறுதியைக் கெடுப்பதன்று. இரும்பாணி அறைந்தால் ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை படியும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதுமை செய்தனரன்றோ? துவர்ப்பொருளும் இரும்பும் கூடும்போது விளையும் அதே மாற்றம் இங்கும் நிகழ்கின்றது. ஆகவே பித்தளை அல்லது துருப்பிடியா எஃகாணியும், மரமுளையும் ஏற்றன.

இவை யாவினும் முதன்மையானது ஒன்றுண்டு. சீடரின் வெளிறு பிற மரங்களின் வெளிற்றைப் போன்றே விரைவில் மக்கும். சீடர் எனப் பெயர் சொல்லி விற்கும் பலகையில் பாதி வெளிறாயின், அப்பெயரால் பயன் இல்லை.

மரத்தின் உறுதியை அளத்தற்கு உறுதியான முறை உண்டு. 1906இல் நிறுவப்பெற்ற தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தார், மரக்கட்டைகளைக் கறையான் மிகுந்த நிலத்தில் பாதியளவு புதைத்து வைத்து, அவை எத்துணைக் காலம் நிற்கின்றன எனக் கணித்தனர். இதற்கு இடுகாட்டுச் சோதனை என்று பெயர். 120 திங்களும் அதற்கு மேலும் நிற்பவை உயர்ந்த உறுதியுடையன. 60 முதல் 120 திங்கள் வரை நிற்பவை இடைத்தரத்தன. 60 திங்களுக்குள் அழிவன கடைத்தரத்தன. இக்கணிப்பு காழுக்கே உரியது. மரத்தின் பெயரை நோக்காது அதன் இயல்பை நோக்கும் முறை இதுவேயாகும்.

5. தருமபுரிக்கு ஏற்ற மரங்கள்

தருமபுரி மாவட்டம் கோடையில் கடுவெயிலும், தென்மேற்கு, வடகிழக்குப் பருவங்கள் இரண்டிலும் மழையும் பெறுவது. நாள்தோறும் ஈரம் படியும் மலைநாடன்று; நெடுநாள் உலர்ந்து இடையிடையே நனையும் நாடு. இத்தகைய நாட்டில் காளானைவிடக் கறையானும், மக்குதலைவிட வெடித்தலுமே மிகுந்த கேடு செய்வன. காளான் வளர்தற்கு மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட வேண்டும்; நிலத்தைத் தொடாத பலகைக்கு இந்நாட்டில் அந்நிலை நெடுநாள் நீடிப்பதில்லை.

இம்மாவட்டத்துக்கே உரிய சிறப்பு மரம் ஆச்சா. சாம்பியன், சேத்து ஆகியோர் 1968இல் வெளியிட்ட இந்தியக் காட்டுவகைப் பகுப்பில் ஆச்சாக்காடு தனிவகையாக எண்ணப்பட்டுள்ளது. ஒகேனக்கல், பென்னாகரப் பகுதிகளில் இம்மரத்தைக் காணலாம். அகராதிகளில் ஆச்சா என்பது வட இந்தியச் சாலமரத்துக்கும் பெயராக வருதலின், ஈண்டும் மயக்கம் நேராது காத்தல் வேண்டும். தருமபுரி ஆச்சாவின் காழ் இந்திய மரங்களுள் மிகக் கனமானவற்றுள் ஒன்று. நீரில் இட்டால் அமிழும். தூணுக்கும் உழுகருவிக்கும் வண்டியுறுப்புக்கும் இது பேர்பெற்றது. ஆயின் அறுத்தலும் இழைத்தலும் அரிது. வெயிலில் வெடிக்கும் இயல்பும் உண்டு. ஆகவே நிலத்தில் ஊன்றும் காலுக்கும் தறிக்கும் இது சிறந்தது. மெல்லிய பலகைக்குச் சிறந்ததன்று.

வேங்கையின் காழ் உறுதியும் அழகும் உடையது. ஆயின் நனையுங்கால் மஞ்சட்சாயம் கசிந்து ஆடையிற் படியும். தேக்கு எண்ணெய்ப்பசையும் குறைந்த சுருக்கமும் ஒருங்குடைமையின், சீடரின் நன்மைகளைப் பெரும்பாலும் தானும் பெற்றது. எடை ஒன்றே மிகுதி. முதிர்ந்த வேம்பின் காழைக் கறையான் எளிதில் தீண்டாது. அது வயல்வரப்பிலும் வீட்டுப்புறத்திலும் கிடைப்பது. சீடரை நெடுந்தொலைவிலிருந்து வரவழைப்பார்க்கு இவை அருகிலேயே விடையாகும்.

மரத்தேர்வினும் அமைப்புமுறை சிறிதும் தாழ்ந்ததன்று. இருக்கையின் கால் மண்ணில் நேரே படாது கருங்கல்லின்மேல் நிற்றல் வேண்டும். நுனிவெட்டு முகம் மேல்நோக்கி இருப்பின் நீர் உள்ளே இறங்கும். ஆதலின் அதனை மூடுதல் அல்லது சரிவாக வெட்டுதல் நன்று. பலகைகளுக்கிடையே விரலிடை விட்டால் மழைநீர் தங்காது. ஆண்டுக்கொரு முறை ஆளிவிதை எண்ணெய் பூசினால் ஈரம் ஏறியிறங்கும் வேகம் குறையும். இவ்வாறு அமைத்த வேம்பு, அமைப்பறியாது இட்ட சீடரினும் நெடிது நிற்கும்.

6. பெயர் மயக்கத்தால் விளையும் கேடு

மரப்பெயர் மயக்கம் சொல்லாராய்ச்சியளவில் நின்றுவிடுவதாயின் அதனை இத்துணை விரித்தல் வேண்டா. அதனால் மூவகைக் கேடு விளைதல் காண்கிறோம்.

முதற்கேடு நூற்பொருட்கு நேர்வது. அகில் என்னும் மரம் சங்க நூல்களிற் பயின்று வருவது. இன்று செடிநூலார் அகில் எனக் காட்டும் 'அக்குலேரியா' அசாம் முதலிய வடகிழக்குப் பகுதிகளுக்கும் தென்கிழக்காசிய நாடுகளுக்கும் உரியது. பட்டினப்பாலையோ அகிலைச் சந்தனத்தோடு சேர்த்து மேற்கு மலையின் விளைபொருளாகக் கூறுகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளகில் என்னும் வேம்பின மரம் உளதாகலின், சங்ககால அகில் ஒரு மரமா, பல மரமா என்பது ஆராய்தற்குரியது. இன்றைய வணிகப் பெயரை அன்றைய நூலின்மேல் ஏற்றிப் பொருள் கொள்வது ஆராய்ச்சியாகாது.

இரண்டாவது கேடு மருந்துக்கு நேர்வது. சித்த, ஆயுர்வேத நூல்கள் தேவதாரு என விதிக்கும் இடங்களில், தென்னாட்டு நாட்டுமருந்துக் கடைகளில் நம் காட்டுத் தேவதாரம் மாற்றாக விற்கப்படுதலைப் பொருட்செடி அறிஞர் சுட்டியுள்ளனர். நோயாளி உண்பது இமயமரமா, தருமபுரிச் சிறுமரமா என்பது பெயரால் தெரியாது.

மூன்றாவது கேடு காட்டுக்கும் காட்டையடுத்து வாழ்வார்க்கும் நேர்வது. மணமுள்ள காழுக்கு விலையேறினால் என்ன நிகழும் என்பதை இம்மாவட்டம் சந்தனத்தால் அறிந்துள்ளது. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 சூன் 20ஆம் நாள், சந்தனக்கட்டைக் கடத்தலைத் தேடுவதாகக் கூறிச் சென்ற அரசுப் பணியாளர் பழங்குடி மக்களுக்கு இழைத்த கொடுமை, 2011இல் தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பாலும், 2023இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பாலும் உறுதி செய்யப்பட்டது. மெல்ல வளரும் சிறுமரமாகிய தேவதாரத்துக்குச் 'சீடர்' என்னும் விலையுயர்ந்த பெயரைச் சூட்டுவது, அதனைக் கோடரிக்குக் காட்டிக் கொடுப்பதாகும். பஞ்சத்தில் இலையீந்து மக்களைக் காத்த மரத்துக்கு அது தகுந்த கைம்மாறு ஆகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், சீடர் என்பது ஒரு மரத்தின் பெயராகாது பல குடும்பத்து மணமரங்களின் பொதுப்பெயராய் வழங்குதலும், தருமபுரித் தேவதாரம் இமயத் தேவதாருவின் வேறாதலும், வெளியிடத்துப் பொருள்களுக்குச் சீடர் தரும் நன்மைகள் அதன் காழின் காப்புப்பொருளாலும் குறைந்த சுருக்கத்தாலும் விளைவன ஆதலும் பெறப்பட்டன. அவ்வியல்புகளுட் பெரும்பாலன தேக்கிலும் வேம்பிலும் நமக்கு அருகிலேயே கிடைக்கின்றன.

இத்துறையில் தமிழ் மாணவர் செய்யத்தக்க பணி ஒன்று உளது. பென்னாகரம், அரூர்ப் பகுதிகளின் தச்சரும் மலைவாழ் மக்களும் வழங்கும் மரப்பெயர்களையும், காழ், வெள்ளை, சோறு முதலிய தொழிற்சொற்களையும், ஒவ்வொரு பெயர்க்கும் உரிய இலை, மலர், கட்டை மாதிரிகளோடு தொகுத்தல் வேண்டும். மாதிரியின்றித் தொகுத்த பெயர்ப்பட்டி மேலும் மயக்கமே விளைக்கும். முதியோர் மறைய மறைய இச்சொற்களும் மறைகின்றன, காலந்தாழ்த்தல் கூடாது.

இருக்கை வாங்குவார் கேட்கவேண்டிய வினாவும், நூலுக்கு உரை காண்பார் கேட்கவேண்டிய வினாவும் இவ்வாற்றான் ஒன்றேயாகின்றன. 'இதன் பெயர் யாது?' என்பதோடு நில்லாது, 'இதன் காழ் யாது?' எனக் கேட்டல் வேண்டும். அகக்காழ் என்னும் சொல்லைப் படைத்த மரபினர்க்கு அவ்வினா புதிதன்று.